கீழே விழாமல் காப்பது: ஒரு திட்டத்தின் இருபத்தாறு ஆண்டுகள்

வயதானவர்கள் கீழே விழுவதைக் குறைக்க முடியும் என்று 1994-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே எண்ணத்தின் வழியில், ஏறக்குறையப் பதினெட்டு மடங்கு பெரிதாக நடந்த இன்னொரு ஆய்வு 2020-ல் வெளிவந்தது. அதில் பலத்த காயங்கள் சொல்லும்படியாகக் குறையவில்லை. இரண்டையும் வெளியிட்டது ஒரே இதழ்தான், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின். இரண்டுமே கவனமாகத் திட்டமிட்டு நடத்தப்பட்டவை.

நலிவுற்ற முதியோருக்காகத் திட்டம் தீட்டும் எவரும் இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன ஆனது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் கணிப்பு இது: 1994-ல் ஒரு வேலையைச் செய்துகொடுத்தார்கள், 2020-ல் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் காட்டப் பார்க்கிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

நலிவு என்பது வயதைக் குறிப்பதல்ல. லிண்டா ஃப்ரீடும் உடன் ஆய்வாளர்களும் 2001-ல் கொடுத்த வரையறையில் ஐந்து அடையாளங்கள் உண்டு: முயற்சியில்லாமலே எடை குறைவது, எப்போதும் களைப்பு, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்றிரண்டு இருந்தால் நலிவுக்கு முந்தைய நிலை. இப்படிப்பட்டவர் உடம்பில் கையிருப்பு குறைவு. சாதாரணச் சளிக் காய்ச்சல் வந்து போனாலும் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரம் ஆகும், சிலர் திரும்புவதே இல்லை.

கீழே விழுவது இவர்களுக்கு ஒற்றைக் காரணத்தால் நடப்பதில்லை. கால் தசை கொஞ்சம் மெலிந்திருக்கும், எழுந்தவுடன் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், இரவு போட்ட தூக்க மாத்திரையின் மயக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும், குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதல்ல. நாலும் ஒரே நொடியில் சேரும்போதுதான் இடுப்பெலும்பு முறிகிறது. ஆகவே ஒன்றை மட்டும் சரிசெய்யாமல், அந்த ஆளிடம் உள்ள காரணங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகக் குறைப்பது என்பதுதான் இங்கே நாம் பார்க்கும் திட்டத்தின் அடிப்படை.

1994: வீட்டுக்கே போனவர்கள்

யேல் பல்கலைக்கழகத்தின் மேரி டினெட்டி குழு, 70 வயதைத் தாண்டி வீட்டில் வாழும் 301 பேரைச் சேர்த்தது. ஒவ்வொருவரிடமும் விழுவதற்கான காரணி குறைந்தது ஒன்றாவது இருந்தது: எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவது, தூக்க மருந்து, நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள், கை கால் பலக்குறைவு, சமநிலைக் கோளாறு, நடைக் கோளாறு, கட்டிலிலிருந்தோ கழிப்பறையிலிருந்தோ பாதுகாப்பாக எழ முடியாமை. 153 பேருக்குத் திட்டம், 148 பேருக்கு வழக்கமான மருத்துவம். வழக்கமான குழுவையும் சும்மா விடவில்லை. அவர்கள் வீட்டுக்கும் ஆட்கள் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். யாரோ வந்து அக்கறையாகப் பேசினாலே ஒருவர் தெம்பாகிவிடலாம். அந்தத் தெம்பைத் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். பிற்பாடு வந்த எத்தனையோ ஆய்வுகள் இந்தச் செலவை மிச்சப்படுத்திவிட்டன.

அந்த வீட்டுச் சந்திப்பை நெருக்கத்தில் பார்த்தால்தான் மற்றது புரியும். ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் வருகிறார். பாட்டியைச் சிறிது நேரம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் எடுக்கிறார், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி எடுக்கிறார். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் அது ஒரு கண்டுபிடிப்பு. என்ன செய்வது? எழுவதற்கு முன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லித் தருகிறார், தலைமாட்டை உயர்த்துகிறார், எந்த மாத்திரையைக் குறைக்கலாம் என்று டாக்டரிடம் பேசுகிறார். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். பாட்டி நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுகிறார். அந்த நாற்காலியிலேயே, அந்த அறையிலேயே பயிற்சி தொடங்குகிறது. முதலில் இரண்டு கையும் ஊன்றி, பிறகு ஒரு கை, பிறகு கையே ஊன்றாமல். அடுத்த தடவை வரும்போது சுலபமாகிவிட்டதா என்று பார்த்து ஒரு படி கடினமாக்குகிறார். மாதக்கணக்கில் இது நடக்கிறது.

ஓராண்டு முடிவில், வழக்கமான குழுவில் 47 சதவீதம் பேர் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். திட்டக் குழுவில் 35 சதவீதம். ஆண்டுக்கு எத்தனை தடவை விழுந்தார்கள் என்ற வீதம் ஏறக்குறைய 31 சதவீதம் குறைவு.

பலரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே கட்டுரையின் இன்னொரு பகுதி. தொடக்கத்தில் ஒரு காரணி இருந்தவர்களிடம் அது மறுபரிசோதனையில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சமநிலைக் கோளாறு வழக்கமான குழுவில் 46 சதவீதம் பேரிடம் அப்படியே இருந்தது. திட்டக் குழுவில் 21 சதவீதம்தான். நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள்: 86-க்கு எதிராக 63. அதாவது விழுவது குறைந்தது என்பதோடு, எந்த வழியில் குறைந்தது என்பதற்கும் கையில் சான்று இருந்தது. மருந்து உடம்பில் சேர்ந்ததா என்று ரத்தத்தில் பார்ப்பதற்கு நிகரான வேலை இது.

நடுவில் ஒரு படி

ஆய்வுக் குழு செய்தால் நடக்கிறது, சரி. ஊரில் ஏற்கெனவே வேலை பார்க்கும் டாக்டர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் செய்தால்? கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு பகுதியில் மருத்துவர்கள், வீட்டு நர்ஸ்கள், மறுவாழ்வு மையங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுகள் என எல்லோருக்கும் பயிற்சியும் ஊக்கமும் கொடுத்து, இன்னொரு பகுதியை அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள். 2008-ல் வந்த முடிவு: விழுந்து பலத்த காயம் ஏற்படுவது 9 சதவீதம் குறைவு, அதற்காக மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவது 11 சதவீதம் குறைவு.

பலன் இருக்கிறது, ஆனால் சுருங்கியிருக்கிறது. அளந்த பொருளும் வேறு, முறையும் வேறு (குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை), எனவே 31-ஐயும் 9-ஐயும் நேருக்கு நேர் வைப்பது நியாயமில்லை. ஆனாலும் போகும் திசை தெரிகிறது.

2020: ஸ்ட்ரைட்

ஸ்ட்ரைட் என்ற பெயரில் நடந்த ஆய்வு, அமெரிக்காவில் 10 சுகாதார அமைப்புகளைச் சேர்ந்த 86 மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஆட்களைப் பிரிக்காமல் நிலையங்களைப் பிரித்ததற்குக் காரணம் உண்டு: ஒரே டாக்டர் ஒரு நோயாளியிடம் கற்றதை அடுத்த நோயாளியிடம் மறந்துவிட முடியாது. 70 வயதைத் தாண்டிய, விழும் ஆபத்து அதிகமுள்ள 5,451 பேர் சேர்ந்தார்கள். சராசரி வயது 80.

திட்டத்தின் மையம், இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ். அவர் ஏழு காரணிகளைப் பரிசோதிப்பார்: பலம், நடை, சமநிலை சேர்ந்து ஒன்று, மருந்துகள், எழும்போது ரத்த அழுத்தம், பாதமும் செருப்பும், பார்வை, எலும்புத் தேய்வும் வைட்டமின் டி-யும், வீட்டின் பாதுகாப்பு. பிறகு முதியவரோடு சேர்ந்து எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வார். முதியவரின் விருப்பத்தை இவ்வளவு மதித்த திட்டங்கள் அதற்கு முன்பு குறைவு. ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒரு கையேடு கொடுத்து, டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

விழுந்து பலத்த காயம் ஏற்பட்டது, திட்டக் குழுவில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4.9, ஒப்பீட்டுக் குழுவில் 5.3. ஆபத்து விகிதம், அதாவது ஒப்பீட்டுக் குழுவின் ஆபத்தை 1 என்று வைத்தால் திட்டக் குழுவின் ஆபத்து, 0.92. உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை 0.80 முதல் 1.06 வரை. முதியவர்கள் தாங்களே சொன்ன காயங்களை எடுத்துக்கொண்டால் 25.6-க்கு எதிராக 28.6.

‘திட்டம் தோற்றது’ என்று இதைப் படித்தவர்கள் அவசரப்பட்டார்கள் என்பேன். எல்லையைப் பாருங்கள்: 20 சதவீதம் குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு, 6 சதவீதம் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. பலனே இல்லை என்று இந்த எண் சொல்லவில்லை. எதிர்பார்த்த அளவு பலன் இருந்ததென்று காட்ட முடியவில்லை என்கிறது. ‘பலன் உண்டு, முதியவர்களே சொல்கிறார்களே’ என்று மறுபக்கம் இழுப்பதும் தவறு. யாருக்குத் திட்டம் கிடைத்தது என்று அவர்களுக்கே தெரியும். அக்கறையாகக் கவனித்துக்கொண்ட நர்ஸுக்கு நன்றியாகச் சின்னக் காயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அதே ஆண்டு இங்கிலாந்திலிருந்து ப்ரீஃபிட் ஆய்வும் வந்தது. 63 மருத்துவ நிலையங்கள், 9,803 பேர். ஒரு குழுவுக்கு அஞ்சலில் ஆலோசனை மட்டும். இன்னொன்றுக்கு அதோடு ஆபத்துள்ளவர்களைக் கண்டறிந்து உடற்பயிற்சி. மூன்றாவதற்குக் கண்டறிந்து பல காரணிச் சிகிச்சை. எலும்பு முறிவு எந்தக் குழுவிலும் மற்றதைவிடக் குறையவில்லை.

எங்கே தேய்ந்தது

1994-ல் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். ஸ்ட்ரைட்டில் நர்ஸ் பரிசோதித்தார், திட்டம் எழுதினார், பயிற்சிக்குப் பெரும்பாலும் வெளியே அனுப்பினார். தாளில் இரண்டுமே ‘சமநிலைப் பயிற்சி’தான். ஆனால் இரண்டாவதில் அந்தப் பாட்டி பிசியோதெரபி மையத்துக்குப் போக வண்டி வேண்டும், கூட்டிப்போக ஆள் வேண்டும், காப்பீடு அத்தனை முறைக்கும் பணம் தர வேண்டும், போன இடத்தில் பயிற்சியாளர் சரியானதைச் செய்விக்க வேண்டும், வீட்டில் தினமும் தொடர வேண்டும். ஒவ்வொரு கதவிலும் பத்துக்கு எட்டுப் பேர் உள்ளே போகிறார்கள் என்று வைத்தாலும், ஐந்து கதவு தாண்டி மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். நலிவு கூடக் கூட இந்தக் கதவுகள் கனமாகின்றன. பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்.

பயிற்சியின் அளவும் சாதாரண விஷயமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு, 108 ஆய்வுகளையும் 23,407 பேரையும் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி விழும் வீதத்தை 23 சதவீதம் குறைக்கிறது என்றது. அதற்கு இரண்டாண்டு முன்பு வந்த இன்னொரு தொகுப்பு, சமநிலையை உண்மையிலேயே சோதிக்கும் பயிற்சியை வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தால் குறைவு 39 சதவீதம் என்று காட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கி இறக்குவது இந்தக் கணக்கில் சேராது. தடுமாறும் நிலைக்குச் சற்றுப் பக்கத்தில் நிற்க வைத்தால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.

மருந்துக் குறைப்பிலும் இதே கதை. நர்ஸ் பரிந்துரைக்கலாம், எழுதிக்கொடுத்த டாக்டர் ஒப்ப வேண்டும், பல வருடமாகத் தூக்க மாத்திரை போடும் முதியவரும் ஒப்ப வேண்டும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும், நடுவில் தூக்கமில்லாத இரவுகளில் யாராவது கூட நிற்க வேண்டும். முதியவரே முன்னுரிமையைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில் இது பின்னுக்குப் போவது இயல்புதான். விருப்பத்துக்கு மதிப்புக் கொடுப்பது சரி. ஆனால் விருப்பத்தைக் கேட்பதற்கு முன், இந்த மாத்திரைதான் உங்களைத் தள்ளிவிடுகிறது என்று அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1994-ன் ‘வழக்கமான மருத்துவம்’ வேறு, 2020-ன் ‘வழக்கமான மருத்துவம்’ வேறு. இடைப்பட்ட காலத்தில் விழுவதைப் பற்றிய அக்கறை பரவிவிட்டது. ஒப்பீட்டுக் குழுவும் கொஞ்சம் மேலே ஏறி நின்றால் இடைவெளி சுருங்கத்தான் செய்யும்.

எதை அளப்பது

ஸ்ட்ரைட் பலத்த காயத்தை அளவுகோலாக எடுத்தது. அதில் நேர்மை இருக்கிறது. எலும்பு முறிவை மருத்துவப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம், ஞாபக மறதியோ நன்றியுணர்வோ குறுக்கே வராது. ஆனால் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் நடக்கிறது. இவ்வளவு அரிதான ஒன்றில் சின்ன மாற்றத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும், ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்தால் வீட்டுக்கு வீடு போய்ச் செய்ய முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். அளவுகோலே திட்டத்தின் வடிவத்தை மாற்றிவிடுகிறது என்பதை வடிவமைப்பவர்கள் முதல் நாளிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

விழுந்த எண்ணிக்கையை மட்டும் எடுத்தாலும் ஒரு பொறி இருக்கிறது. பயந்துபோய்க் கட்டிலைவிட்டு இறங்காதவர் விழமாட்டார். அவருடைய கணக்கு அழகாக இருக்கும், கால் தசை மட்டும் வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே எவ்வளவு நடந்தார் என்பதைச் சேர்த்து அளக்காமல் எத்தனை தடவை விழுந்தார் என்பதைப் படிக்கக் கூடாது.

லைஃப் என்ற ஆய்வு இதை வேறு விதமாக அணுகியது. 70 முதல் 89 வயது வரையிலான, நடமாட்டம் குறையத் தொடங்கிய 1,635 பேர். அளவுகோல்: 400 மீட்டரை உட்காராமல், யார் துணையும் இல்லாமல் நடக்க முடிகிறதா? 2014-ல் வந்த முடிவில், உடற்பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம் பேர் அந்தத் திறனை இழந்தார்கள். ஆரோக்கியக் கல்வி மட்டும் பெற்ற குழுவில் 35.5 சதவீதம். சராசரியாக இரண்டரை ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். தானாக 400 மீட்டர் நடப்பது என்றால் என்னவென்று முதியவருக்கும் புரியும், குடும்பத்துக்கும் புரியும்.

யாருக்கு, எந்த நிலையில்

யேல் பல்கலைக்கழகத்திலிருந்தே தாமஸ் கில் தலைமையில் 2002-ல் வந்த ஆய்வை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். 75 வயதைத் தாண்டிய, உடல் நலிந்த 188 பேருக்கு ஆறு மாதம் வீட்டிலேயே பயிற்சி. நலிவைக் கண்டறிய இரண்டே சோதனை: வேகமாக நடக்கும் சோதனைக்குப் பத்து நொடிக்கு மேல் ஆகிறதா, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா. ஒன்றில் தோற்றால் மிதமான நலிவு, இரண்டிலும் தோற்றால் கடுமையான நலிவு. அன்றாடக் காரியங்களில் பிறரைச் சார்ந்திருப்பது மிதமான நலிவுள்ளவர்களிடம் குறைந்தது. கடுமையாக நலிந்தவர்களிடம் பலன் தெரியவில்லை.

எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். கடுமையாக நலிந்தவர்களை ஆய்விலிருந்தே விலக்கிவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அவர்களுக்கு வேறு திட்டமும் வேறு அளவுகோலும் வேண்டும்: வலியில்லாமல் இருப்பது, பயமில்லாமல் கழிப்பறைக்குப் போய்வருவது, பார்த்துக்கொள்பவரின் சுமை.

நல்லெண்ணம் தீங்கில் முடிந்த கதைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நலிவுற்ற 616 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு பாதிப் பேருக்குக் கண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குப் புதுக் கண்ணாடி உள்ளிட்ட சிகிச்சை கொடுத்தார்கள். பார்வை தெளிந்தால் விழுவது குறையும் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? 2007-ல் வெளிவந்த முடிவில் அந்தக் குழுவில் 65 சதவீதம் பேர் விழுந்திருந்தார்கள், மற்றதில் 50 சதவீதம். கண்ணாடியின் பவர் பெரிதாக மாறும்போது தரை இருக்கும் தூரமே வேறு மாதிரித் தெரியும். பழகும் வரை காலடி தப்பும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அங்கேயே, ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் அலகு வைட்டமின் டி கொடுத்த ஆய்வில் (2010) விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. பார்வையும் வைட்டமின் டி-யும் ஸ்ட்ரைட்டின் ஏழு காரணிகளிலும் இருக்கின்றன. நல்லது என்று தோன்றுவதையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால், பையின் ஒரு மூலையில் இருக்கும் தீங்கு இன்னொரு மூலையில் இருக்கும் நன்மையைத் தின்றுவிடலாம். மொத்த எண்ணைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்ததை வடிவமைத்தால்

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இதுபோல் பல பகுதிகள் சேர்ந்த ‘சிக்கலான தலையீடுகளுக்கான’ வழிகாட்டுதலை 2000-ல் முதலில் வெளியிட்டு, 2008-லும் 2021-லும் திருத்தியது. பலன் உண்டா என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்காமல், எப்படி, யாருக்கு, எந்தச் சூழலில் என்று கேட்கச் சொல்கிறது அது. இந்த வழக்கில் அதை நான் இப்படிப் பொருத்துவேன்.

காரணிகளை ஏழிலிருந்து மூன்றாகக் குறைப்பேன்: சமநிலையும் பலமும், மருந்துகள், எழும்போது ரத்த அழுத்தம். பயிற்சியை வெளியே அனுப்பாமல் திட்டத்துக்குள்ளேயே வைத்து, வீட்டுக்குப் போகும் பிசியோதெரபிஸ்ட்டுக்குத் திட்டமே சம்பளம் கொடுக்கும். ஆட்கள் குறைவாகத்தான் சேர்வார்கள். ஆகவே முதன்மை அளவுகோலாக நடக்கும் திறனை எடுத்து, விழுந்ததை மாதாமாதம் நாட்காட்டிக் குறிப்பின் வழியாகப் பதிவேன். ஆறு மாதத்துக்கு முன் விழுந்தீர்களா என்று கேட்டால் ஞாபகம் ஏமாற்றும், அதுவும் மறதி தொடங்கியவர்களிடம். இறந்துபோனவர்களையும் முதியோர் இல்லத்துக்குப் போனவர்களையும் ‘விவரம் இல்லை’ என்ற கட்டத்தில் போட்டு மூடக் கூடாது. இந்த வயதில் அவையும் முடிவுகள்தான். மிதமான நலிவுக்கும் கடுமையான நலிவுக்கும் தனித்தனிப் பகுப்பாய்வை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைப்பேன்.

பெரிய ஆய்வுக்கு முன் ஒரு சிறிய முன்னோட்டம். அதில் பார்க்க வேண்டியது விழுவது குறைந்ததா என்பதை அல்ல, அத்தனை சிறிய எண்ணிக்கையில் அது தெரியவும் தெரியாது. மூன்று மாத முடிவில் எத்தனை பேர் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் நின்றபடி சமநிலைப் பயிற்சி செய்கிறார்கள், குறைக்க வேண்டிய மாத்திரைகளில் எத்தனை உண்மையிலேயே குறைந்தன, கையை ஊன்றாமல் எழ முடியாதவர்களில் எத்தனை பேர் இப்போது எழுகிறார்கள். முதல் எண்ணிக்கை பாதியைத் தாண்டவில்லை என்றால் பெரிய ஆய்வுக்கான பணத்தைக் கேட்கக் கூடாது. திரும்பிப் போய், பயிற்சி எந்தக் கதவில் நின்றுபோனது என்று வீடு வீடாகப் பார்த்துவிட்டு மறுபடி வடிவமைக்க வேண்டும்.